கவனம் கலைவதும் வேலை கசப்பதும்

அலுவலக வேலையில் இருப்பவர்களிடம் இரண்டு புலம்பல்கள் அடிக்கடி கேட்கும். "சேர்ந்தாப்ல அரை மணி நேரம் ஒரு வேலைய உட்கார்ந்து பார்க்க முடியல" என்பது ஒன்று. "இதையெல்லாம் எதுக்குச் செய்யறோம்னே புரியல" என்பது இன்னொன்று. முன்னதற்குப் போனில் ஏதாவது ஒரு ஆப் போட்டுப் பார்ப்பார்கள். பின்னதற்கு நாலு நாள் லீவு எடுப்பார்கள். இரண்டுமே கொஞ்சம் உதவும், பிறகு பழைய நிலைக்கே வந்து நிற்கும்.

இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்ப்பதால்தான் இப்படி ஆகிறது என்று நினைக்கிறேன். மூலம் ஒன்றுதான். வேலை சிறு சிறு துண்டுகளாக நம் மேஜைக்கு வருகிறது. ஒரு துண்டை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. முடித்தாலும் அது யார் கைக்குப் போனது, அங்கே என்ன ஆனது என்று தெரிவதில்லை. முடிவு கண்ணில் படாத வேலையில் மனம் ஒட்டாது. ஒட்டாத மனம் போன் ஒரு தடவை அதிர்ந்ததும் கிளம்பிவிடும். அதனால் கவனத்தைச் சரிசெய்ய நினைப்பவர், தன் வேலை எங்கே போய் முடிகிறது என்று தேடிப் பார்ப்பதையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது.

மாறுகிற இடத்தில்தான் நேரம் கரைகிறது

2009இல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைச் சோதித்துக் காட்டினார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அந்த மிச்சம் அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது. முதல் வேலையை முடித்துவிட்டுப் போனவர்களுக்கு, அதிலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற நிலையில் முடித்தவர்களுக்கு, இந்த மிச்சம் குறைவாக இருந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் இதையே பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் குளோரியா மார்க். அவரும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு பலரும் எதிர்பார்க்காதது. இடையில் தொந்தரவு செய்யப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் 20 நிமிடத்திலேயே அவர்களுக்கு மன அழுத்தம், எரிச்சல், அவசர உணர்வு எல்லாம் ஏறியிருந்தன. இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. டைம்ஷீட்டில் நஷ்டமே தெரியாது. டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) க்ளோஸ் ஆகியிருக்கும், மெயில் போயிருக்கும், மேனேஜருக்கும் குறை இருக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எதுவும் தலையில் ஏறாமல் உட்கார்ந்திருக்கிறோமே, கணக்கு அங்கேதான் தீர்க்கப்படுகிறது.

தொந்தரவு எல்லாமே வெளியிலிருந்து வருவதும் இல்லை. மார்க்கின் கள ஆய்வுகளில் ஏறத்தாழ பாதி இடையூறுகள் அவரவர் தாமாகவே உண்டாக்கிக்கொண்டவை. யாரும் கூப்பிடாமலே மெயிலைத் திறப்பது, எழுதிய நிரல் கம்பைல் ஆகி முடியக் காத்திருக்கிற நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது. இதை ஒழுக்கக் குறைவு என்று சொல்லித் திட்டிக்கொள்வதால் பயனில்லை. அது பெரும்பாலும் "அடுத்து என்ன செய்யணும்" என்பது மங்கலாக இருக்கிற கணத்தில்தான் நடக்கிறது. அடுத்த அடி தெளிவாக இருந்தால் கை தானாகவே வேலைக்குப் போகும்.

திரும்பி வருவதற்கான குறிப்பு

தொந்தரவை முழுக்க நிறுத்த எந்த அலுவலகத்திலும் முடியாது. விட்ட இடத்துக்குச் சீக்கிரம் திரும்பி வருவது மட்டும் நம் கையில் இருக்கிறது. லெராயும் தெரசா குளோமும் 2018இல் இதற்கென ஒரு எளிய வழியைச் சோதித்தார்கள். வேலையை விட்டு எழும்புமுன் ஒரு நிமிடம் எடுத்து, எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்று எழுதிவைப்பது. அப்படி எழுதியவர்கள் இடையில் வந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள்.

எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளில் வேலை செய்கிற ஒருவர். அவருக்கு வந்த டிக்கெட் இது: "ஊதிய உயர்வுக்குப் பிறகு ஈஎஸ்ஐ பிடித்தம் நின்றுவிடுகிறது." (ஈஎஸ்ஐ என்பது சம்பளத்தில் பிடிக்கப்படும் தொழிலாளர் காப்பீட்டுப் பங்களிப்பு.) நிரலைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு போன் கால் வருகிறது. அவசரமாக நோட்டில் "ஈஎஸ்ஐ பக், தொடரணும்" என்று எழுதிவிட்டுப் போகிறார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது அந்த வரி எதுவுமே சொல்லாது. முதலிலிருந்து படிக்க வேண்டும். படிக்க அலுப்பாக இருக்கும், அலுப்பு வந்தால் மெயில் திறக்கும்.

அதே இடத்தில் இப்படி எழுதியிருக்கலாம்:

"நிற்கும் இடம்: மாத மொத்தச் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் ஈஎஸ்ஐ பூஜ்யம் என்று ஒவ்வொரு மாதமும் செக் பண்ணுது. அதான் தப்பு.
சந்தேகம்: ஏப்ரல் 1, அக்டோபர் 1 அன்று தகுதி இருந்ததான்னு பார்க்கணும், மாதாமாதம் இல்ல. அரியர் வரும்போதும் இதே ஃபங்ஷன்தான் ஓடுதா?
வந்ததும்: ஜூன்ல 20,500லிருந்து 22,000 ஆன ஒரு ஊழியரை டெஸ்ட் டேட்டால போட்டு ஓட்டு. பிடித்தம் 165 வரணும்."

மூன்று வரிதான். எழுத ஒன்றரை நிமிடம் ஆகும். மூன்றாவது வரியில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும்: ஓட்டு, திற, கூட்டிப் பார், போன் போடு. "யோசிக்கணும்", "பார்க்கணும்" என்று முடிந்தால் அது குறிப்பே அல்ல. இரண்டாவது வரி பலர் விட்டுவிடுவது. ஆனால் மறந்துபோவது அதுதான். கண்டுபிடித்த உண்மை நினைவில் இருக்கும், பாதி உருவான சந்தேகம் காணாமல் போய்விடும்.

காகிதத்தில் எழுதுவது நல்லது என்பேன். நோட்ஸ் ஆப்பைத் திறக்கப் போனால் வழியில் இன்னும் நாலு விஷயம் நிற்கும்.

"ரெண்டு நிமிஷம் இருக்காக்கா?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து வருகிறவருக்கும் ஒரு வழி உண்டு. "லைவ்ல ஏதாவது நின்னுடுச்சாப்பா?" என்று முதலில் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் பயன்படுத்திக்கொண்டிருப்பது நின்றிருந்தால் எழுந்து போக வேண்டியதுதான். இல்லையென்றால் "பதினொன்றரைக்கு நானே உன் சீட்டுக்கு வர்றேன்." இந்தப் பதிலில் நேரமும் இருக்கிறது, யார் வருவார்கள் என்பதும் இருக்கிறது. "அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் அவர் பத்து நிமிடத்தில் திரும்பவும் வருவார், நாமும் அவர் வருவாரே என்று காத்திருப்போம். சொன்ன நேரத்துக்கு ஒருமுறை போகாமல் விட்டாலும் இந்த வழி செத்துப்போகும். அதனால் போனில் அலாரம் வைத்தாவது போய்விட வேண்டும்.

நாளில் எந்த நேரம்

நான்கு மணி நேரம் தடையில்லாமல் வேண்டும் என்று ஆசைப்படுவது இங்குள்ள அலுவலகங்களில் நடக்காது. 90 நிமிடம் கிடைத்தால் போதும், ஒரு நாளைக்கு ஒன்று. அதைச் சரியான இடத்தில் வைப்பதுதான் சாமர்த்தியம்.

காலை 9:30க்கு வந்து 10:30க்கு ஸ்டாண்ட்-அப் (அணியின் தினசரிக் குறுங்கூட்டம்), 11 மணிக்கு டீ, 1 மணிக்குச் சாப்பாடு என்று இருக்கிற அணியில் காலைப்பொழுது மூன்றாக உடைந்துவிடுகிறது. ஸ்டாண்ட்-அப்பை 12:30க்கோ, வந்தவுடன் 9:45க்கோ மாற்றச் சொல்லிக் கேட்பது ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி, மொத்த அணிக்கும் சேர்த்து. கேட்கும்போது "எனக்குக் கவனம் சிதறுது" என்று தொடங்கினால் அது சொந்தக் குறையாகப் போய்விடும். "ரெண்டு வாரம் மாத்திப் பார்ப்போம், சரிவரலன்னா பழையபடி வச்சுக்கலாம்" என்றால் பெரும்பாலான லீடுகள் ஒத்துக்கொள்வார்கள்.

சாப்பிட்டு வந்தபின் 2 மணியிலிருந்து 3 மணி வரை எதையும் ஆழமாகச் செய்ய நினைக்க வேண்டாம். உடலின் இயல்பான தாளத்திலேயே அந்த நேரத்தில் ஒரு தொய்வு உண்டு, வயிறு நிறையச் சோறு அதைக் கூட்டுகிறது. டைம்ஷீட், பில் அனுப்புவது, மெயிலுக்குப் பதில் எல்லாம் அங்கே போகட்டும். மூன்றரை மணிக்கு மேல் காபி வேண்டாம் என்று இருந்தால் இரவுத் தூக்கத்துக்கு நல்லது. குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும்.

வெளிநாட்டு க்ளையண்டோடு வேலை செய்பவர்களுக்கு நாளின் வடிவமே வேறு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. லண்டனில் 9 மணி என்றால் கோடையில் மதியம் 1:30, குளிர்காலத்தில் 2:30. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டன் மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. இடையில் மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரமும், இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் இரண்டு நாட்டு மீட்டிங்குகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த வாரங்களைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்துவைத்தால் கடைசி நேரக் குழப்பம் இருக்காது.

அமெரிக்க க்ளையண்ட் என்றால் பகல் முழுக்க அமைதியாக இருக்கும், ஆழமான வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் இரவு 10 மணி கால் இருக்கிறது என்பதற்காகப் பகலில் மந்தமாக இருந்துவிட்டு இரவில் வேலையையே தொடங்குகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது: மாலை 5 மணிக்குள் அன்றைய நிலையை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். என்ன முடிந்தது, எதில் அவர்களுடைய முடிவு வேண்டும், முடிவு வராவிட்டால் நாளை நாம் எதைச் செய்வோம். மூன்றாவது வரிதான் பாதி போன் கால்களைத் தேவையற்றதாக்கும், ஏனென்றால் அவர்கள் மறுப்புச் சொன்னால் போதும், விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் நாளை விட மாதத்தைப் பார்த்துத் திட்டமிடுவது நல்லது. கெடு தேதிகள் இவை: 7ஆம் தேதி டிடிஎஸ் வரி, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), 15ஆம் தேதி பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் படிவம்). இந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு நாளில் ஆழமான வேலைக்கு இடம் ஒதுக்கினால் அது நிலைக்காது. 21ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கிற காலம்தான் அவர்களுடைய சொத்து. லெட்ஜர் சரிபார்ப்பு, பழைய பாக்கிகளைத் தேடிப் பிடிப்பது, எக்செல் ஷீட்டை ஒழுங்குபடுத்துவது எல்லாம் அங்கே.

காலண்டரில் நேரத்தைப் பூட்டிவைக்கும்போது "ஃபோகஸ் டைம்" என்று பெயர் வைத்தால் அதன் மேல் மீட்டிங் போடுகிறவருக்குக் கூச்சமே இருக்காது. "ஈஎஸ்ஐ திருத்தம், வியாழன் டெலிவரி" என்று வைத்தால் யோசிப்பார். கூகுள் காலண்டரில் மீட்டிங்கை 30க்குப் பதில் 25 நிமிடமாகவும், 60க்குப் பதில் 50 நிமிடமாகவும் தானாகவே சுருக்கும் செட்டிங் இருக்கிறது. அவுட்லுக்கிலும் இதே வசதி உண்டு. அந்த ஐந்து, பத்து நிமிடம் திரும்பும் குறிப்பு எழுதவும் தண்ணீர் குடிக்கவும்தான். மெயில் பார்க்கப் போனால் போயிற்று.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையை 1980களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தொடங்கினார். இன்வாய்ஸ் என்ட்ரி, கோப்பு சரிபார்ப்பு போன்ற அலுப்பான வேலைக்கு அது அருமையானது. சிக்கலான பிழையைத் தேடும்போதோ, நீண்ட அறிக்கை எழுதும்போதோ அதைப் பயன்படுத்த வேண்டாம். முழு அமைப்பும் மனதில் ஏறவே இருபது நிமிடம் ஆகிற வேலையில், ஐந்து நிமிடம் கழித்து மணி அடித்தால் அதுவே ஒரு தொந்தரவு.

போன்

எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள் என்பது பொதுவான அறிவுரை. 2019இல் நிக்கோலஸ் ஃபிட்ஸ், கோஸ்டாடின் குஷ்லெவ் குழுவினர் வெளியிட்ட சோதனை வேறு மாதிரி சொன்னது. அறிவிப்புகளை நாளுக்கு மூன்று தடவை கொத்தாகப் பெற்றவர்களுக்கு அழுத்தம் குறைந்து, கவனம் கூடியது. ஒன்றுகூட வராமல் செய்யப்பட்டவர்களுக்குப் பதற்றம்தான் கூடியது. நம் சூழலில் இது இன்னும் பொருந்தும். வீட்டில் வயதானவர்கள், பள்ளி வேன், ஊரில் உடம்பு சரியில்லாத அப்பா என்று போனை முழுக்க மறந்துவிட்டு உட்கார முடிகிறவர்கள் எத்தனை பேர்?

அதனால் அவசரத்துக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டு மற்றதை மூட வேண்டும். ஆண்ட்ராய்டில் டூ நாட் டிஸ்டர்ப் செட்டிங்கில் "ரிபீட் காலர்ஸ்" என்று ஒன்று இருக்கும். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும். ஐபோனில் அது 3 நிமிடம். வீட்டில் "அவசரம்னா உடனே ரெண்டாவது தடவை அடிங்கம்மா" என்று ஒரே ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். பள்ளி, வீடு, மனைவி அல்லது கணவர் எண்களை ஸ்டார் போட்டு அவை எப்போதும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் குடும்ப, பள்ளித்தோழர், அபார்ட்மென்ட் குழுக்களை "எப்போதும்" மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம். ஆர்க்கைவ் செய்தவை புது மெசேஜ் வந்தாலும் அங்கேயே இருக்கும்படி ஒரு செட்டிங் உண்டு, அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகக் குழுக்கள்தான் உண்மையான சிக்கல். அவற்றை மியூட் செய்துவிட்டு 11:30, 2:30, 5:30 என்று மூன்று வேளை திறந்து பார்ப்பதாக லீடிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் முதல் தாமதத்திலேயே கெட்ட பெயர் வரும்.

பெரும்பாலான அறிவுரைகளில் இல்லாத ஒரு ஓட்டை இங்கே உண்டு: ஓடிபி. அலுவலக நெட்வொர்க்கான விபிஎன்னில் நுழைய, வங்கித் தளத்தில் நுழைய, ஜிஎஸ்டி போர்ட்டலில் நுழைய எல்லாவற்றுக்கும் போனைக் கையில் எடுக்க வேண்டும். ஆறு இலக்கம் பார்க்க எடுத்த போன் கால் மணி நேரம் கழித்துத்தான் கீழே வைக்கப்படும். 90 நிமிடம் தொடங்குவதற்கு முன்பே தேவையான எல்லாத் தளங்களிலும் லாகின் செய்துவிட்டுப் பிறகு போனைப் பையில் போடுங்கள். போர்ட்டல் இடையில் லாகவுட் ஆகிவிடும் என்றால் அந்த வேலையை மதியத்துக்குத் தள்ளிவிடலாம்.

அந்த 165 ரூபாய் யாருடையது

ஈஎஸ்ஐ டிக்கெட்டுக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் கவனத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விட்டுவிடுகிற பாதி அதில்தான் இருக்கிறது.

திரையில் தெரிவது ஒரு நிபந்தனை வரி, 165 ரூபாய் பிடித்தம், நடுத்தர முன்னுரிமை. இப்போது அதன் மறுமுனையைப் பார்ப்போம். ஈஎஸ்ஐயில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம். அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. காலத்தின் நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடர வேண்டும் என்பது விதி. நோய்க்கால உதவித்தொகை பெற அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஜூனில் ஊதிய உயர்வு வந்த ஒருவருக்கு மென்பொருள் தவறாகப் பிடித்தத்தை நிறுத்திவிட்டால், ஏப்ரலில் 30 நாள், மே மாதத்தில் 31 நாள், மொத்தம் 61 நாள்தான் கணக்கில் இருக்கும். பிப்ரவரியில் அவர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும்போது, சம்பளத்தில் 70 சதவீதமாக வந்திருக்க வேண்டிய உதவித்தொகை வராது. ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கக்கூடிய பணம் அது. ஏன் வரவில்லை என்று அந்தத் தொழிலாளிக்கும் தெரியாது, ஹெச்ஆருக்கும் உடனே தெரியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த டிக்கெட்டைப் படிப்பவர் வேறு மாதிரி படிப்பார். அரியர் வரும் மாதத்தில் என்ன ஆகும், அக்டோபரில் புதிதாகச் சேர்ந்தவருக்கு என்ன ஆகும் என்று தானாகவே கேட்பார். யாரும் ஃபோகஸ் செய்யச் சொல்ல வேண்டியிருக்காது.

ஹாக்மேன், ஓல்டம் என்ற இருவர் 1976இல் வேலையை அர்த்தமுள்ளதாக்கும் அம்சங்களை வகைப்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்று, ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற முடிவு வரை ஒருவரே செய்வது. இன்னொன்று, அது வேறொருவர் வாழ்க்கையைத் தொடுவது. இன்றைய வேலைப் பிரிவினையில் முதலாவது போய்விட்டது. இரண்டாவது இருக்கிறது, ஆனால் ஐந்து அடுக்குகளுக்கு அப்பால் மறைந்திருக்கிறது.

அதை நேரில் பார்க்க வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆடம் கிராண்டும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கிற ஒரு மாணவரை ஒரு பிரிவினர் சில நிமிடம் சந்தித்துப் பேசினார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. மாணவர் எழுதிய கடிதத்தை மட்டும் படித்த பிரிவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நிறுவனங்கள் சுவரில் ஒட்டும் லட்சிய வாசகங்களால் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆளைப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சப்போர்ட் டீமிடம் "நம்ம மாட்யூல் பத்தி போன மாசம் வந்த கம்ப்ளெயிண்ட்ல மூணை அப்படியே அனுப்புங்க, சுருக்க வேண்டாம்" என்று கேட்கலாம். சுருக்கிய வடிவத்தில் மனிதர் காணாமல் போய்விடுவார். பயன்படுத்துகிறவர் இதே ஊரில் இருந்தால் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்கலாம். அங்கே போய் விளக்கம் சொல்லத் தொடங்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் மவுஸை நிறுத்துகிறார், எதைப் பார்த்துத் தனியாக நோட்டில் எழுதிக்கொள்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும். மென்பொருளை நம்பாமல் காகிதத்தில் கூட்டிப் பார்க்கிற ஒரு பில்லிங் கிளார்க்கைப் பார்த்தால், அடுத்த ஆறு மாதத்துக்கு எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேலையில் அர்த்தம் காண்பது வேறு, அதைக் காட்டிச் சம்பளமில்லாமல் சனிக்கிழமை வேலை வாங்குவது வேறு. "நாம எவ்வளவு பெரிய விஷயம் செய்யறோம்" என்ற பேச்சு வருகிற மீட்டிங்கிலேயே கூடுதல் நேரமும் கேட்கப்பட்டால், அந்த நேரத்துக்கான கணக்கைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் கொண்டுவந்தது. இங்கே 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அதனால் அணிக்குள் எழுத்தில் ஒரு உடன்பாடு வைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு உகந்தது: இரவு 8 மணிக்கு மேல் மெசேஜ் வந்தால் காலையில் பதில், உண்மையான அவசரம் என்றால் போன் கால்.

மாலையும் வெள்ளிக்கிழமையும்

முடியாத வேலை வீட்டுக்கும் கூடவே வரும். 2011இல் மஸிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டியது, அதை நிறுத்த வேலையை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, எப்போது எப்படி முடிப்போம் என்று குறிப்பாகத் திட்டமிட்டாலே மனம் விட்டுவிடுகிறது என்று. கிளம்பும் முன் கடைசிப் பத்து நிமிடம் இதற்குத்தான். திறந்திருக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் ஒரு நாளும் ஒரு முதல் அடியும். "நாளை" என்று மட்டும் எல்லாவற்றுக்கும் எழுதினால் மனம் ஏமாறாது, இரவு பதினொன்றுக்குத் திரும்பவும் எடுத்துக் காட்டும். எது நாளை, எது வியாழன், எதை யாரிடம் கொடுப்பது என்று பிரித்தால்தான் விடும்.

வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் இன்னொன்றுக்கு. தெரசா அமபிலேயும் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரிடமிருந்து ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். நல்ல நாள் என்று மக்கள் எழுதிய நாட்களில் பெரும்பாலும் இருந்தது பாராட்டோ போனஸோ அல்ல. தனக்கு முக்கியமான வேலையில் ஒரு சின்ன முன்னேற்றம். ஆனால் சின்ன முன்னேற்றம் திங்கட்கிழமைக்குள் மறந்துபோகும். அந்த வாரம் எது முடிந்தது, அது யாருக்குப் போனது, அவருக்கு என்ன மாறியது என்று எழுதிவைக்கலாம். மூன்றாவது இடம் காலியாகவே இருந்தால் அடுத்த வாரம் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று பொருள். அப்ரைசல் நேரத்தில் இந்த நோட்டு பெரிய உதவி. ஜனவரியில் செய்தது டிசம்பரில் யாருக்கு நினைவிருக்கும்?

மூன்றாவது இடம் மாதக்கணக்கில் காலியாக இருக்கிற வேலையும் உண்டு. யாரும் திறக்காத வாராந்திர அறிக்கை அதற்கு நல்ல உதாரணம். அதைச் சொல்லாமல் நிறுத்திவிடுவது ஆபத்து, ஒரு நாள் தணிக்கைக்கு யாராவது கேட்பார்கள். அனுப்பும் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு வரி மெயில் போடலாம்: "இந்த ரிப்போர்ட்டில் நீங்கள் பயன்படுத்துகிற பகுதி எது என்று சொன்னால், அதை மட்டும் முதலில் வைத்துத் தருகிறேன்." பதில் சொல்கிறவர் தான் எதற்காகப் பார்க்கிறார் என்பதையும் சொல்வார், அர்த்தம் அங்கே கிடைத்துவிடும். பதிலே வராவிட்டால் அந்த மௌனத்தை மேனேஜரிடம் காட்டி, வாரத்துக்குப் பதில் மாதம் ஒருமுறை என்று மாற்றக் கேட்கலாம். அதுவும் நடக்காவிட்டால் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மந்த நேரத்தில் தள்ளிவிட வேண்டியதுதான்.

வாரத்தில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட வேலையாகவே இருந்தால், அது கவனப் பயிற்சியால் தீராது. முதலில் அதே நிறுவனத்தில் பயன்படுத்துபவருக்கு நெருக்கமான அணிக்கு மாறக் கேட்டுப் பாருங்கள். வெளியே போவதென்று முடிவானால் இன்டர்வியூவில் கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அங்கே சம்பளம் தவிர இவற்றையும் கேளுங்கள்: போன மாதம் உங்கள் அணி முடித்த ஒரு மாற்றத்தை யார் பயன்படுத்தினார்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அணிக்கு எப்படித் தெரிந்தது? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் இந்த வேலையில் இருப்பவருக்கு எத்தனை மீட்டிங் இருக்கும்? முதல் இரண்டுக்கும் ஒரு பெயரோ சம்பவமோ வந்தால் நல்லது. மூன்றாவதற்குப் பதில் சொல்லும் முன் இன்டர்வியூ எடுக்கிறவர் தன் காலண்டரைத் திறந்து பார்த்தால், அங்கேயே எட்டிப் பார்த்துவிடுங்கள்.